மவ்த்தும் ஒரு சாட்சியம் கேட்கிறது: இறப்புச் சான்றிதழைப் பெறுவதும் பழைய பதிவுகளைத் தேடுவதும்



ஒரு வீட்டில் மவ்த் நிகழ்ந்தால் குளிப்பாட்டுவது, கஃபன் இடுவது, ஜனாஸாத் தொழுகை, அடக்கம் என அனைத்தையும் தாமதமின்றிச் செய்து முடிக்கிறோம். அது மார்க்கம் வலியுறுத்தும் நற்செயல். ஆனால் அடக்கம் முடிந்ததும், 'மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பல குடும்பங்களில் 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது.

தேதி தீர்மானிக்கும் பங்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் ஃபராயிள் கணக்குப் போட்டுத்தரக் கேட்டு வந்தார்கள். பட்டா பாட்டனார் பெயரிலேயே இருந்தது. அவருக்கு மூன்று மகன்கள். பாட்டனாரும் நடு மகனும் 1978-இல், சில நாட்கள் இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். முதலில் இறந்தது மகன்தான் என்றார் பெரிய தந்தை. "இல்லை ஹஜ்ரத், மாமாதான் முதலில் மவ்த்தானாங்க" என்றார் நடு மகனின் விதவை.

இது வெறும் ஞாபகச் சண்டை அல்ல. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் இறந்திருந்தால், மற்ற மகன்கள் இருப்பதால் அவருடைய பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. தந்தைக்குப் பின் இறந்திருந்தால், அவருக்குரிய முழுப் பங்கும் அவருடைய மனைவி, பிள்ளைகள் உள்ளிட்ட வாரிசுகளுக்குப் போகும். ஒரே ஒரு தேதியில் ஒரு விதவையின், பெண் மக்களின் ஹக் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் இரண்டு பதிவுகளும் கிடைத்தன. தந்தை இறந்து பதினோரு நாள் கழித்தே மகன் இறந்திருக்கிறார். பெரிய தந்தை வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். காகிதத்தைப் பார்த்ததும் கண்கலங்கி, அந்தப் பங்கை அவரே முன்நின்று கொடுத்தார். கடனை எழுதிவைக்க அல்குர்ஆன் (2:282) ஏன் அவ்வளவு விரிவாகக் கட்டளையிடுகிறது என்பது அன்று எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

முதல் 21 நாட்கள்

நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2023-இல் இது திருத்தப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது.

மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் இறந்தால் அது குடும்பத்தாரின் பொறுப்பு. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகராட்சி, மாநகராட்சிகளில் சுகாதாரப் பிரிவிலும் பதியலாம். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 30 நாள் வரை தாமதக் கட்டணம் உண்டு. ஓர் ஆண்டுக்குள் என்றால் உயர் அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவு இருக்கும். மேலே சொன்ன நடு மகன் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இறந்தவர். குடும்பத்தார் சொந்த ஊரில் தேடித் தேடிக் களைத்துப்போனதற்கு அதுவே காரணம். பதிவு மதுரை மாநகராட்சியில் இருந்தது.

மருத்துவமனையிலிருந்து மையித்தை வாங்கும்போதே, படிவத்தில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நிதானமான ஒருவர் சரிபார்க்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் மகனிடம் இதை விடாதீர்கள். மருமகனோ மச்சானோ செய்யட்டும். இத்தாவில் இருக்கும் பெண்ணை இதற்காக அலைக்கழிக்கவும் தேவையில்லை. அவருடைய கையெழுத்து வேண்டிய தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து வாங்கலாம். அவரே நேரில் போக வேண்டிய கட்டாயம் வந்தால், தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு.

வெளிநாட்டில் இறந்தவருக்கு அந்நாட்டு இறப்புச் சான்றுடன், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்து ஆவணம் பெற்றுக்கொள்ளுங்கள். வளைகுடாவிலேயே அடக்கம் செய்துவிட்டாலும் இதை விட்டுவிடக் கூடாது.

பழைய பதிவைத் தேடும் முறை

அண்மை ஆண்டுகளில் பதிவான இறப்புகளுக்கு இணையத்திலேயே சான்று எடுக்கலாம். பழையவற்றுக்கு அலுவலகம் ஏறத்தான் வேண்டும். நகரப் பதிவுகள் அந்தந்த நகராட்சி, மாநகராட்சியில் இருக்கும். கிராமத்துப் பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டி எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் பெறலாம். அந்த நகலில் மரணக் காரணம் இருக்காது.

தேடுவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை சில:

1. ஆண்டைச் சுருக்குங்கள். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில்தான். 'கடைசி ராத்தா கல்யாணத்துக்கு முந்தின நோன்பு' என்பது போன்ற ஒரு ஞாபகமே பல ஆண்டுத் தேடலை ஓர் ஆண்டாகக் குறைத்துவிடும்.

2. மஹல்லாவின் மையவாடிப் பதிவேட்டையும் மீசான் கல்லையும் பாருங்கள். அவற்றில் ஹிஜ்ரி தேதி இருந்தால் ஆங்கிலத் தேதியாக மாற்றும்போது கவனம் தேவை. நமக்கு மஃரிபோடு மறுநாள் தொடங்கிவிடுகிறது. இஷாவுக்குப் பின் இறந்தவரின் ஹிஜ்ரி தேதி ஒரு நாள் முன்னே நிற்கும். பிறையால் வரும் வேறுபாடும் உண்டு. ஆகவே ஓரிரு நாள் முன்பின்னாகத் தேடச் சொல்லுங்கள்.

3. பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். முஹம்மது 'மம்மது' ஆகியிருக்கும்; இப்ராஹீம் 'இபுராகிம்' ஆகியிருக்கும். பட்டப்பெயரும் ராவுத்தர், மரைக்காயர் என்ற பெயர்களும் சேர்ந்திருக்கும். பெண்கள் 'பீவி', 'அம்மாள்' என்றோ, இன்னாரின் மனைவி என்று மட்டுமோ பதிவாகியிருக்கலாம். 1980-க்கு முன் கிராம முன்சீப் காதில் விழுந்ததை எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள்.

4. மாவட்டப் பிரிவினையை மறவாதீர்கள். தூத்துக்குடி 1986-இலும், தென்காசி 2019-இலும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தவை. பழைய பதிவேட்டின் அட்டையில் பழைய மாவட்டத்தின் பெயர்தான் இருக்கும்.

தேடியும் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். 'பதிவு இல்லை' என்ற சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க அதுவே முதல் ஆவணம். அதோடு ஜமாஅத்தின் அடக்கக் கடிதம், நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலம், பழைய குடும்ப அட்டை போன்றவற்றை இணையுங்கள். பதிவில் பெயரோ தேதியோ பிழையாக இருந்தால், 15-ஆம் பிரிவின்படி ஆதாரம் காட்டித் திருத்தம் கோரலாம்.

அமானிதம்

தனக்குச் சாதகமாகத் தேதியை மாற்றிச் சொல்வது பொய்ச்சாட்சி. இறந்தவரின் ஓய்வூதியத்தை, இறப்பை மறைத்துத் தொடர்ந்து வாங்குவது ஹராம். 'அரசாங்கப் பணம்தானே' என்ற பேச்சு அல்லாஹ்விடம் செல்லாது.

சான்றிதழ் கையில் இருந்தால்தான் வாரிசுச் சான்று கிடைக்கும். அதன் பிறகே வங்கிப் பணம் வெளியே வரும், மையித்தின் கடனை அதிலிருந்து அடைக்க முடியும். கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே சொத்துப் பங்கீடு என்கிறது சூரத்துந் நிஸா. எனவே இறப்புச் சான்று, மவ்த்தானவருக்கு நாம் செய்யும் கடமையின் ஒரு பகுதியே ஆகும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மையவாடிப் பதிவேட்டில் முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், உயிர் பிரிந்த நேரம், இடம், ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். அடக்கம் நடந்த மூன்றாம் நாளே அந்தக் குடும்பத்தாரிடம், "பதிந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்கட்டும். கரையான் அரிக்கும் முன் பழைய ஏடுகளைப் படமெடுத்து வையுங்கள். நாற்பது ஆண்டு கழித்து எங்கோ ஒரு விதவைக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி சொல்லும்.

நம்மில் முந்திச் சென்றவர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர்கள் விட்டுச் சென்ற ஹக்குகளை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.