வைபையில் வந்த படம் முழுப்படம்தானா?

இல்ல விளையாட்டுப் போட்டியோ கலியாணமோ, கமராவில் எடுத்த படம் அடுத்த பத்து நிமிடத்தில் வட்ஸ்அப் குழுமத்துக்கு வந்துவிடுகிறது. வயரும் இல்லை, கார்ட் ரீடரும் இல்லை. இதைப் பற்றி சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

வைபை என்றதும் இணையம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கமராவே தன்னைச் சுற்றி ஒரு சிறு வலையமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. அதன் பெயரும் கடவுச்சொல்லும் கமராத் திரையில் தெரியும். போனை அதில் இணைத்து, கெனன் என்றால் கமரா கனெக்ட், நிக்கோன் என்றால் ஸ்னாப்பிரிட்ஜ் செயலியைத் திறந்தால் போதும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் கமராவைக் குறைசொல்ல வேண்டாம். அங்கே இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே டேட்டாவுக்கோ வீட்டு வைபைக்கோ தாவிவிடுகிறது. டேட்டாவை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

என் கவலை வேறு. போனுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சுருக்கிய பிரதிதான். ஸ்னாப்பிரிட்ஜ் தானாக அனுப்பும் படம் வழமையாக 2 மெகாபிக்சல். கமராவில் இருப்பதோ 24 மெகாபிக்சலாக இருக்கலாம். தரமான அச்சில் முதலாவது ஐந்து அங்குல அகலத்தைச் சற்றே தாண்டும். இரண்டாவது இருபது அங்குலம் வரை போகும். அதை வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் இன்னும் நசுங்குகிறது. போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பாடசாலை மலர் அச்சிடும்போதுதான் முகங்கள் கலங்கித் தெரியும். அதற்குள் "படம்தான் போனுக்கு வந்துவிட்டதே" என்று யாராவது மெமரி கார்டை அழித்திருப்பார்கள். செயலியின் அமைப்பில் மூல அளவைத் தெரிவு செய்யுங்கள். வட்ஸ்அப்பில் ஆவணமாக (டொக்கியுமென்ட்) அனுப்புங்கள், அளவு குறையாது.

கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் இன்னொரு விடயம். போனில் கூகுள் போட்டோஸ் சேமிப்பு இயங்கினால் அந்தப் படங்களும் கேட்காமலே இணையத்துக்கு ஏறக்கூடும். படம் எடுக்க வருபவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவதில் தவறில்லை.

2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையோரத்தில் வீடுகளோடு அல்பங்களும் போயின. உம்மா வாப்பாவின் ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அன்று இன்னொரு பிரதி வைத்திருக்க வழி குறைவு. இன்று அப்படியல்ல. வைபையில் வந்ததை ஊருக்குக் காட்டுங்கள், ஆனால் கார்டில் உள்ள மூலப் படங்களைக் கணினிக்கு மாற்றாமல் அதை அழிக்காதீர்கள். இன்னொரு பிரதியை பென் டிரைவில் போட்டு, கரையை விட்டுத் தள்ளி, சம்மாந்துறைப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அங்கே வையுங்கள்.