வேன் மலை ஏறும்போது

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அதுவரை பழைய வேன்கூட நன்றாக ஓடும். அலிபிரி தாண்டியதும் தொல்லை கொடுக்கும். ஏன்?

திருமலைக்கு ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை. ஏறும் சாலை 1974-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். இதில் வேன் மெதுவாகத்தான் ஏறும். இன்ஜினுக்கு வேலை அதிகம். முன்னால் வீசும் காற்றோ குறைவு. வெயிலும் சேர்ந்தால் சூடு ஏறிவிடும்.

இன்ஜினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டருக்கு வந்து ஆறுகிறது. மீண்டும் இன்ஜினுக்குப் போகிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டது? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறதா? இடம் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆட்களைச் சாலை ஓரமாக இறக்குங்கள்.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்! உள்ளே இருப்பது கொதிநீர். திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பிறகு, கனமான துணி போட்டு மெல்லத் திறங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்ஜின் விரிசல் விடும்.

ஆறிய பிறகு இவற்றைப் பாருங்கள்:

1. தண்ணீர் குறைந்திருக்கிறதா? ரப்பர் குழாய்களில் ஒழுகுகிறதா?

2. விசிறி பெல்ட் அறுந்திருக்கிறதா? கட்டை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சில வண்டிகளில் மின்சார விசிறி இருக்கும். இன்ஜின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றலாம். கை ஜாக்கிரதை.

3. ரேடியேட்டரின் முன்பக்கம் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா?

4. இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.

சில நேரம் முள் நடுவில்தான் நிற்கும். ஆனால் பழைய பெட்ரோல் வேன் திணறி நின்றுவிடும். குழாயில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகியிருக்கலாம். ஆற விட்டால் பெரும்பாலும் மீண்டும் ஓடும்.

அரை மணி தாமதமானால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சித்தூரை விட்டுக் கிளம்பும் முன்பே, இன்ஜின் ஆறி இருக்கும்போது, தண்ணீர், பெல்ட், குழாய் மூன்றையும் பாருங்கள். ஒரு கேன் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.