தடுத்தவர் கணக்கு

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயிலில் செல்வோர் கஞ்சிக்கோட்டைக் கடந்தே வாளையாற்று எல்லையை அடைகின்றனர். இரு மருங்கிலும் மலைகள் உயர்ந்து நிற்க, நடுவே திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்கும் மக்களுக்கும் ஒருங்கே வழிவிடுகிறது. பிழைப்பை நாடிப் பம்பாய்க்குச் சென்ற மத்திய கேரளத்து இளைஞர் பலருக்கு இதுவே வழியாயிற்று. அவ்வாறு பம்பாய் சென்று, கால்பந்துத் திறமையைக் கொண்டே வாழ்வு அமைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். அவர் அண்டை மாவட்டமாகிய திருச்சூரில் இரிஞ்ஞாலக்குடையைச் சேர்ந்த ஓ. சந்திரசேகர்; ஒலிம்பியன் சந்திரசேகர் என மக்கள் அழைத்த பின்வரிசை ஆட்டக்காரர்.

கால்பந்தில் ‘கோல்’ அடித்தவரின் பெயர் நிமிடக் கணக்கோடு ஏட்டில் ஏறிவிடுகிறது. தடுத்தவருக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. அவர் காத்த ஆபத்து நிகழாமலே போய்விடுவதால், அதை எண்ணிச் சொல்ல எவராலும் இயலுவதில்லை. ஆகவே அவருடைய தகுதியை அறிய வேண்டுமானால் முதலில் அவருடைய வேலையை அறிய வேண்டும்.

முற்காலத்தில் ஓர் அணிக்கு ‘புல்பேக்’ எனப்படும் பின்வரிசையினர் இருவரே இருந்தனர். 1925ஆம் ஆண்டில் ‘ஆப்சைடு’ விதி திருத்தப்பட்டது. தாக்குபவருக்கும் எதிரணியின் எல்லைக் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது இருவராகக் குறைந்தது. தாக்குவோர்க்கு வழி எளிதாகவே, நடு ஆட்டக்காரர் பின்னே வந்து நிற்க, காவலர் மூவராயினர். 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற பிரேசில் நால்வரை நிறுத்தியது. அம்முறையை நம் நாட்டு அணியிற் புகுத்தியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்.

இவ்வமைப்பில் புல்பேக்கின் கடமை யாது? ஓரத்தில் விரைந்து வரும் எதிரியின்மீது உடனே பாய்ந்துவிடலாகாது. பாய்ந்து தவறினால் பின்னே வெட்டவெளிதான். எனவே அவர் எதிரிக்குச் சற்று இடம் விட்டு, உள்ளே திரும்பும் வழியை அடைத்து, ஓரக் கோட்டை நோக்கியே ஒதுக்கிச் செல்ல வேண்டும். எதிரி தயங்கும் நொடியில் தோழர்கள் தத்தம் இடம் சேர்ந்துவிடுவர். பந்தைப் பறிப்பது பிறகுதான். பொறுமையே இங்கு பெரும் பலம்.

சந்திரசேகர் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். நம்மவர் ஹங்கேரியிடம் 1–2 என்ற கணக்கிலும், பெருவிடம் 1–3 என்ற கணக்கிலும் தோற்றனர். பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தனர். அதற்குப் பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை என்பதை நினைத்தால், அம்மூன்று ஆட்டங்களின் அருமை நமக்கு விளங்கும்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்து, ஜப்பான், தென்வியத்நாம் ஆகியவற்றை வென்று, இறுதியாட்டத்தில் அதே கொரியாவை நம்மவர் சந்தித்தனர். கொரியாவோ 1956, 1960 ஆகிய இரு முறையும் ஆசியக் கோப்பையை வென்ற அணி. பின்வரிசையின் தூணாகிய ஜர்னெயில் சிங் தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். பி.கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னெயில் சிங் ஒரு கோலும் அடித்தனர். 2–1 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று.

ஜர்னெயில் சிங் முன்னே சென்றபோது பின்னே ஓரிடம் காலியாயிற்று அல்லவா? அச்சுமையைத் தாங்கியவர்கள் சந்திரசேகர், அருண் கோஷ், திரிலோக் சிங், கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ஆகியோர். முன்னர் இரண்டு கோல் விட்டுக்கொடுத்த அதே கொரியாவுக்கு இம்முறை ஒன்றே கிடைத்தது. துணிந்து மாற்றம் செய்தவரையும் கோல் அடித்தவரையும் போற்றும் நாம், அம்மாற்றத்திற்கு இடம் தந்த பின்வரிசையையும் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். ஆசிய விளையாட்டில் ஆடவர் கால்பந்துத் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவில்லை.

அந்நாளில் ஆட்டத்திற்கெனச் சம்பளம் பெறுபவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆகையால் நம் வீரர்கள் ரயில்வேயிலோ, வங்கியிலோ, கம்பெனியிலோ ஊழியம் பெற்று, அந்நிறுவனத்தின் அணியில் ஆடினர். சந்திரசேகர் பம்பாயில் கால்டெக்ஸ் எண்ணெய்க் கம்பெனிக்கும், பின்னர் ஸ்டேட் வங்கிக்கும் ஆடினார். 1963இல் சந்தோஷ் கோப்பையை வென்ற மகாராஷ்டிர அணிக்குத் தலைவரும் அவரே. ஆலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டு மக்களுக்கு இம்முறையின் நன்மையை விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் உறுதியாயிருந்தால்தான் மனம் மைதானத்தில் நிலைக்கும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் அவர் கொச்சியில் காலமானார். இனி நம்மூர் மைதானத்தில் ஆட்டம் காணும்போது, பந்தின் பின்னே மட்டும் நம் கண் ஓடாதிருக்கட்டும். பந்து வராத வேளையிலும் தன் இடம் விட்டு அகலாமல் நிற்கும் அந்தப் பின்வரிசை இளைஞனையும் சற்றுக் கவனிப்போம். ஏட்டில் ஏறாத அவன் கணக்கை எழுத வேண்டியது காண்போராகிய நாமே.