மெலிந்த உடலும் குத்துச்சண்டையும்

"மெலிந்த உடலினளான என் மகள் குத்துச்சண்டை பயிலலாமா?" என்று மல்லேஸ்வரத்து நேயர் ஒருவர் வினவுகிறார்.

தாராளமாகப் பயிலலாம். ஒத்த எடையினரே தம்முள் மோதவேண்டும் என்பது இவ்விளையாட்டின் விதி. ஆதலின் மெலிவு ஒரு குறையன்று. மணிப்பூரில் உழவர் குடியிற் பிறந்த மேரி கோம், 48 கிலோவுக்கு மேற்படாத பிரிவுகளில் 2002 முதல் 2010 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். 2007இல் இரட்டை மக்களை ஈன்ற அவர், மறு ஆண்டே வாகை சூடினார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதல் இடம்பெற்றது 2012இல், லண்டனிலே. அங்கோ 51 கிலோவே மிகக் குறைந்த பிரிவு. தம்மினும் பெருத்த உடலினரோடு மோத நேர்ந்தும் அவர் வெண்கலம் பெற்றார். 2018இல் தமக்குரிய 48 கிலோப் பிரிவிலேயே ஆறாம் உலகப் பட்டத்தையும் அடைந்தார்.

ஆகவே அன்பரே, மகளைத் தக்க ஆசிரியரிடம் ஒப்புவியுங்கள். எடை குறைப்பதற்காகப் பட்டினி கிடக்க மட்டும் விடாதீர்கள்.