செங்காந்தள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் எண்ணிச் சொல்லும் மலர்களுள் முதலாவது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஊரில் கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ என்போம். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்தேறும் கொடி இது. மண்ணுள் கிடக்கும் கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். வடமொழியில் லாங்கலி, லாங்கலம் என்றாலும் கலப்பைதான்! பெயரிட்டவர்கள் மலரைவிடக் கிழங்கையே கூர்ந்து நோக்கினர் போலும்.

அது வீண்போகவில்லை. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் தோன்றும். அவ்விழைகளை உருவாகவிடாமல் தடுப்பதே கோல்ச்சிசினின் வேலை. பிரிவு பாதியில் நின்றுவிடும். எங்கள் ஆய்வறையில் வெங்காயத்தின் வேர்நுனியை இதன் கரைசலில் இட்டு வைப்போம். 16 குரோமோசோம்களும் எண்ணுவதற்கு வாய்ப்பாகத் தனித்தனியே நிற்கும். 1937இல் பிளேக்சிலீ, ஏவரி என்னும் அமெரிக்க அறிஞர்கள் இதனைக்கொண்டே செடிகளின் குரோமோசோம்களை இருமடங்காக்கிக் காட்டினர்.

வேர்நுனியில் நிகழ்வதே மனித உடலிலும் நிகழும். குடலின் உட்படலம், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியவற்றில் உயிரணுக்கள் ஓயாது பிரிகின்றன. ஆதலின் கிழங்கை உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் கழிச்சலும் காணும். பின்னர்க் குருதியின் வெள்ளணுக்கள் குறையும். பிழைத்தவர்க்கும் தலைமயிர் கொட்டும்.

இதே கோல்ச்சிசினை, கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருத்துவர்கள் அரை மில்லிகிராம் அளவு மாத்திரைகளாகத் தருகின்றனர். மூட்டை நோக்கி விரையும் வெள்ளணுக்களின் ஓட்டம் தளர, வீக்கம் தணிகிறது. சித்த மருத்துவர்களோ கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே மருந்தில் சேர்ப்பர். இதனை மூடப் பழக்கம் என்று தள்ள நான் உடன்படேன். கோல்ச்சிசின் நீரில் கரைவது, ஊறலில் ஒரு பகுதி வெளியேறும். ஒரு பகுதி மட்டுமே என்பதை மறக்கலாகாது. எஞ்சிய நஞ்சு எவ்வளவு என்று கண்ணால் அறிய இயலாது. கிழங்குக்குக் கிழங்கு அளவும் வேறுபடும். வேகவைத்தாலும் நஞ்சு அழியாது. வள்ளிக்கிழங்கு என்றெண்ணி அவித்து உண்டு மாண்டவர்கள் உளர்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, முழங்கால் வலிக்கென்று பாட்டியார் இக்கிழங்கைத் தாமே சீவிக் காயவைத்திருந்தால் வாங்கி அப்புறப்படுத்துங்கள். தப்பித் தவறி யாரேனும் உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முதற்சில மணி நேரம் அவர் நலமாகவே தோன்றுவார்.