அலுமாரியில் கிடக்கும் கல்முனை வரலாறு

கல்முனையின் பழைய வரலாற்றை இணையத்தில் தேடுகிறவர் 'மட்டக்களப்பு' என்றும் தேடிப் பார்க்க வேண்டும். கல்முனை இருக்கும் அம்பாறை, மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முந்திய பதிவுகள் பெரும்பாலும் மட்டக்களப்பின் பெயரிலேயே இருக்கின்றன. பிறகு வந்த நூல்களும் அப்படித்தான்: எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964).

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை முன்னின்று வளர்த்தவர் இலங்கையரான இ. மயூரநாதன். அதில் யாரும் எழுதலாம். ஆனால் எழுதியதற்கு, வெளியான நம்பகமான ஆதாரம் காட்ட வேண்டும். "மூத்தம்மா சொன்னா" என்பது செல்லாது. நியாயமான விதிதான். அது இல்லையென்றால் ஊருக்கு நாலு பேர் ஆளுக்கொரு பூர்வீகம் எழுதிவிடுவார்கள். ஆனால் கல்முனைக் கரையில் அதன் அடி பலமாக விழுகிறது. தாய்வழியில் வரும் குடிமுறை, வயலிலும் வாசலிலும் பாடிய கவிகள், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக நடக்கும் கொடியேற்றம், மருதமுனைத் தறிக்காரரின் தொழில் நுணுக்கம் என்று பலவும் வாய்வழியே வந்தவை. அச்சில் ஏறியது கொஞ்சம்.

இந்த இடத்தில்தான் நூலகம் திட்டம் உதவுகிறது. அது வரலாறு எழுதுவதில்லை. இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தனிப்பக்கமும் கொடுத்து, இலவசமாகப் படிக்க வைக்கிறது. அங்கே ஏறிய ஒரு மலரை விக்கிப்பீடியாக் கட்டுரை ஆதாரமாகக் காட்டலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி 'புத்தரின் படுகொலை' கவிதையை எழுதிய எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடிக்காரர். நூல் அழிவின் வலியை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நூலகம் திட்டம் தொடங்கிய 2005 ஜனவரியில் இந்தக் கரை சுனாமி மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுனாமியில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். கடலோர வீடுகளோடு அவற்றிலிருந்த கடிதங்களும் படங்களும் கொப்பிகளும் போயின.

மிஞ்சியவை இப்போது வீட்டு அலுமாரிகளில்தான் இருக்கின்றன. பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்புவிழா மலர், இலக்கிய வட்டம் போட்ட நாலு இதழ் சஞ்சிகை எதுவானாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வெளியிட்டவரிடம் சம்மதம் கேட்டு, அட்டையும் ஆண்டு அச்சிட்ட பக்கமும் விடுபடாமல் நூலகம் திட்டத்துக்கு ஸ்கேன் செய்யக் கொடுங்கள். மூத்தம்மாவின் கவிகளை இன்றைக்கே ஃபோனில் பதிந்து, பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.