முதலிடத்தை எண்ணியவர் யார்?

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்று நாம் இப்போது காதைக் கேட்பதில்லை, எண்ணைக் கேட்கிறோம். எத்தனை லட்சம் பார்வைகள், எத்தனையாவது இடம்? அந்த எண் எப்படி வருகிறது என்று என்னைத் தேட வைத்தது, என் தாத்தா அடிக்கடி முணுமுணுக்கும் ஓர் ஆங்கில மெட்டு.

அந்தப் பாட்டு 'ரிலீஸ் மீ'. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இவர் 1936இல் சென்னையில் பிறந்தவர். இயற்பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டோர்சி. பிறகு குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறியது. பல ஆண்டுகள் மேடையேறியும் பெயர் கிடைக்கவில்லை. நடுவில் காசநோயும் படுக்கையில் தள்ளியது. 1965இல் மேலாளர் கோர்டன் மில்ஸ், ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை இவருக்குச் சூட்டினார்.

1967 மார்ச்சில் 'ரிலீஸ் மீ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 6 வாரம் அங்கேயே இருந்தது. புகழின் உச்சியில் இருந்த பீட்டில்ஸ் குழுவின் 'பென்னி லேன்' இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றது. இன்றும் இதைப் பெரிய அதிசயமாகச் சொல்கிறார்கள்.

ஆனால், அதே காலத்தில் 'மெலடி மேக்கர்' என்ற இன்னொரு இதழின் பட்டியலில் பீட்டில்ஸ்தான் முதலிடம்! காரணம் எளிது. அன்று பிரிட்டனில் எல்லாரும் ஏற்ற ஒரே பட்டியல் கிடையாது. ஒவ்வோர் இதழும் தான் தேர்ந்தெடுத்த கடைகளில் விற்பனைக் கணக்கை வாங்கித் தனித்தனியே பட்டியல் போட்டது. கடைகள் மாறினால் முதலிடமும் மாறும்.

என் தாத்தா அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. ஈப்போவுக்கு வரும் நாளில் காப்பிக்கடை வானொலியில் இந்தப் பாட்டைக் கேட்பாராம். "இங்கிலீசு தெரியாது. ஆனா அவன் கெஞ்சுறான்னு குரல்லயே தெரிஞ்சது" என்பார். ஓர் இசைத்தட்டுகூட அவர் வாங்கியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் அது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் 10 வெள்ளி, 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்ப்பதே தோட்டக் குடும்பங்களுக்குப் பெரிய காரியம்.

ஆகவே எந்தப் பட்டியலிலும் தாத்தா இல்லை. வாங்கியவர்களை எண்ணினார்கள், கேட்டவர்களை எண்ணவில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு கடந்து அந்த மெட்டு அவர் வாயில் இருக்கிறது.

நண்பர்களே, இது பாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பல்கலைக்கழகத் தரவரிசை, கருத்துக் கணிப்பு, நாம் செய்யும் பாட ஆய்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'முதலிடம்' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எண்ணியவர் யார்? எங்கே எண்ணினார்? யாரை விட்டுவிட்டார்? மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள். விடுபட்டவர்களில் நம் வீட்டுப் பெரியவர்களும் இருக்கலாம்.